இந்தியானாவுக்கு நாலாமிடம்

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் வீட்டில் சட்டைகளுக்கு அயன் போட்டுக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. இந்த ஊர்ப் பங்குக் கோயிலில் பாட்டுப் படிக்கும் ஜெசிந்தா. "வசந்தி, பிலோ அக்கா மோசம் போயிட்டா. விடியத்தான், நித்திரையிலை" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "அப்பாடா" என்றுதான் வாயில் வந்தது. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அப்பாடா விளங்கும். பார்க்காதவர்கள் என்னைக் கோபிக்கலாம். அழுகை பிறகு வந்தது, சட்டையின் கழுத்துப்பட்டி எரியுமட்டும் வந்தது.

மேரி பிலோமினா என்ற மன்னார்க்காரியை இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரத் தமிழர் பலருக்குத் தெரியும். பல்லாறோ சந்தையில் மீன்காரனோடு செவுள் நிறத்துக்காகச் சண்டை பிடிக்கிற உயரமான மனுசி என்றால் மிச்சப் பேருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் பைத்தியம் இருந்தது என்பதும், எந்தக் கல்லூரி அணிக்கு முதலிடம், எதற்கு நாலாமிடம் என்று அவர் ஒரு வரிசை வைத்திருந்தார் என்பதும் உங்களில் அநேகருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வரிசையால்தான் இன்றைக்கு நான் இந்த நாட்டில் வதிவிடப் பத்திரத்தோடு இருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் சிஞ்ஞோர் தூரி என்ற கிழவரின் வீட்டில் வேலை செய்தோம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாலாம் மாடி. அக்கா அங்கேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டார். நான் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்து காலையில் நடந்து போய்த் துடைத்து, கழுவி, பின்னேரம் திரும்புவேன். தூரி வாலிபத்தில் கப்பலேறி அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக்குப் போய், சப்பாத்துத் தைத்து, மனைவி செத்த பிறகு திரும்பி வந்தவர். வரும்போது அங்கத்தைய தொலைக்காட்சியையும் வீடியோ டெக்கையும் கொண்டுவந்திருந்தார். இஞ்சத்தைய கரண்டுக்கு அவை ஒத்துவராது என்பதால் கறுத்தப் பெட்டி போல ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் மூலையில் கிடந்து நாள் முழுக்க முனகும். அவருடைய மருமகன் முறையான ஒருவர் அங்கிருந்து கல்லூரி ஆட்டங்களை வீடியோவில் பிடித்து அனுப்புவார். எப்போதோ முடிந்துபோன ஆட்டங்களை இருவரும் அன்றைக்குத்தான் நடப்பது போல் இருந்து பார்ப்பார்கள்.

அக்கா மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவர். கோல் போடுகிற இடம் அவருடையது. வலைப்பந்தில் பந்தை நிலத்தில் குத்திக்கொண்டு ஓட முடியாது, எதிராளியை இடிக்க முடியாது, பந்து கையில் வந்தால் நின்று இன்னொருத்திக்குக் குடுக்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாப் பந்தையும் அவர் அந்தச் சட்டத்தாலேயே அளந்தார். முதல்நாள் கூடைப்பந்தாட்டத்தைப் பார்த்துவிட்டு, "உதென்ன, தனக்குத்தானே பந்தைக் குத்திக்கொண்டு ஓடுறான்? பக்கத்திலை நிக்கிறவன் மனுசனில்லையோ?" என்று கேட்டார். அவரும் கிழவரும் பேசியது உடைந்த இத்தாலியன். அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. அதனால் இருவரையும் எங்கள் தமிழிலேயே பேச விடுகிறேன்.

எங்கள் ஆட்கள் இருவர் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி எந்த ஊர், அடுத்த கேள்வி எந்தப் பள்ளிக்கூடம். பதிலைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு ஏணியில் ஆளை ஏற்றி வைத்துவிடுவோம். கெட்ட பழக்கம்தான், ஆனால் இரத்தத்தில் ஊறியது. அக்கா அந்த ஏணியை அப்படியே அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். எந்தக் கல்லூரி பழசு, அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் டாக்குத்தர், பயிற்சியாளர் பிள்ளைகளை மரியாதையாக ஏசுகிறாரா என்றெல்லாம் கிழவரைக் குடைந்தெடுத்தார். "டாக்குத்தரோ? பந்து விளையாடுறவனுக்கு டாக்குத்தர் எதுக்கு, காலை முறிச்சால் தவிர!" என்று அவர் கத்துவார்.

தூரியின் வரிசை எளிமையானது. எத்தனை முறை வென்றது என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின்படி பார்த்தாலும் முதலிடத்துக்கு வராத இந்தியானாவை அவர் முதலிடத்தில்தான் வைப்பார். அவருக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். அதற்குக் கீழே கென்டக்கி, பிறகு கன்சாஸ், பிறகு வட கரோலினா. அக்காவோ வட கரோலினாவைத் தலையில் வைத்தார். அந்த அணிப் பெடியன் ஒருவன் பந்தைப் போட்டு முடித்ததும், தனக்குப் பந்து தந்தவனைத் திரும்பி விரலால் காட்டுவான். அதை முதலில் கண்ட அன்றைக்கு அக்கா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். "பாத்தியே வசந்தி, தந்தவனை மறக்காத பிள்ளையள். ஆர் வெண்டது எண்டு பாக்காதை, பந்தை ஆருக்குக் குடுத்தவன் எண்டு பார்." இந்தியானா? நாலாமிடம்.

வீடியோக் கசெட்டுகள் தொலைக்காட்சிக்கு மேலே வரிசையாக அடுக்கியிருக்கும், கல்லூரிக்கு ஒன்று. கிழவர் இந்தியானாவை முன்னுக்கு வைப்பார். அக்கா தூசி தட்டுகிற சாட்டில் அதை நாலாவதாகத் தள்ளிவிடுவார். மத்தியானம் பார்த்தால் திரும்ப முன்னுக்கு வந்திருக்கும். ஒருநாள் நான், "அக்கா, சம்பளம் தாற மனுசனோடை உதென்ன விளையாட்டு?" என்று கேட்டேன். "சம்பளம் கைக்குத்தான் தாறார், வசந்தி. வாயை மூடுறதுக்கு ஆரும் இன்னும் தரேல்லை" என்றார். நான் அப்படியல்ல. வந்த நாள் முதல் எனக்குத் தெரிந்த இத்தாலியன் 'சீ, சிஞ்ஞோரா' தான், 'ஓம், அம்மா' என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தவள்.

அந்த ஆண்டு குளிர்காலத்தில் கிழவருக்கு மறதி வந்தது. அடுப்பில் காஸைத் திறந்துவிட்டுப் போய்ப் படுத்தார். மிலானில் இருந்து வந்த மகள் ஆஞ்செலாவைச் செத்துப்போன மனைவியின் பெயரால் கூப்பிட்டார். ஆஞ்செலா பொல்லாதவர் அல்ல, பயந்துபோனவர். "ஒரு டாக்டர் வந்து பார்க்கட்டும். தனியாக இருக்க ஏலாது என்று சொன்னால் முதியோர் இல்லத்தில் விடப்போகிறேன்" என்றார். எங்கள் இருவருடைய பெர்மெசோவும், அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் வேலைப் பத்திரம் காட்ட வேண்டும். வீடு பூட்டப்பட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பெர்மெசோ இல்லை. அக்காவுக்குப் படுக்க இடமும் இல்லை.

டாக்டர் வருவதற்கு முதல்நாள் நான் அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நாளைக்கு மட்டும் ஒண்டும் கதைக்காதேங்கோ. கோப்பியைக் குடுத்திட்டு உள்ளுக்கை வந்திடுங்கோ."

"ஓம், ஓம். நான் ஏன் கதைக்கிறன்" என்றார் அக்கா.

டாக்டர் தலை நரைத்த, அமைதியான மனிதர். கிழவருக்கு எதிரே இருந்து, இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாதம், இந்த நகரத்தின் பெயர் என்ன என்று கேட்டார். தூரி முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தெரியாததாலா, தன்னைச் சின்னப் பிள்ளை போலக் கேட்கிறார்கள் என்ற கோபத்தாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆஞ்செலா கண்ணைத் துடைத்தார். டாக்டர் பேனாவை எடுத்தார். நான் கதவருகில் நின்று எங்கள் நல்லூர் முருகனையும், பத்தாததற்கு அக்காவின் மடு மாதாவையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா கோப்பித் தட்டோடு வந்தார். தட்டை மேசையில் வைத்தார். கண் தொலைக்காட்சிப் பக்கம் போனது. அன்று காலை கிழவர் எப்படியோ இந்தியானாவை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார். அக்கா டாக்டரைத் தாண்டிப் போய், அந்தக் கசெட்டை எடுத்து நாலாவதாகச் செருகினார்.

"ஏய்! அதை எடுத்த இடத்திலை வை!" கிழவரின் குரல் கண்ணாடிக் கதவை அதிர வைத்தது.

"இருக்க வேண்டிய இடத்திலைதான் வைச்சனான்."

"என்ரை வீட்டிலை இந்தியானா நாலாவதோ?"

"ஆற்றை வீடெண்டாலும் நாலாவதுதான்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆஞ்செலா எழும்பி, "அப்பாவோடு இப்படியா பேசுவாய்?" என்று தொடங்கினார். டாக்டர் கையைக் காட்டி அவரை இருத்தினார்.

"மண்டபத்து முகட்டிலை தொங்குற கொடியளை எண்ணிப் பார்! வெண்டவனுக்குத்தான் கொடி!" என்றார் தூரி.

"கொடியை எண்ணினால் போதுமோ? வாசல்லை கட்டின வாழையை எண்ணி ஆராவது கலியாணம் நல்லதெண்டு சொல்லுறவையோ?"

கிழவர் கதிரையின் முன்நுனிக்கு வந்துவிட்டார். "உனக்கு என்ன தெரியும்? அங்கை தோட்டக்காரன் தன்ரை வைக்கோல் கொட்டில் சுவரிலை வளையம் அடிச்சிருப்பான். பனிக்குள்ளை கையுறை போட்டுக்கொண்டு பெடியள் எறியுவாங்கள். சனிக்கிழமை ஆட்டமெண்டால் ஊரிலை கடை திறவாது. நான் இவளைத் தோளிலை தூக்கிக்கொண்டு போவன்." மகளைக் காட்டினார். "ஆஞ்செலா. சிவப்புக் கோட்டு. முதல் பாதி முடியமுந்தி என்ரை தோளிலை நித்திரையாப் போவாள். கடைசி நிமிசம் எல்லாரும் எழும்பிக் கத்துவினம், நான் மட்டும் எழும்பமாட்டன், பிள்ளை முழிச்சிடும் எண்டு."

ஆஞ்செலா வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தான் நாலாவதாகச் செருகிய கசெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்பிடியெண்டால் மூண்டாவதாய் வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்கள் இருவரில் யார் சரி, சிஞ்ஞோர் தூரி?"

"நான்தான். ஆனா இவளை அனுப்பிப்போடாதேங்கோ. இவள் போனால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

அவருக்கு மறதி இல்லை என்று டாக்டர் எழுதவில்லை. இருந்தது, பிறகு கூடவும் செய்தது. காஸுக்குப் பூட்டுப் போட வேண்டும், கூட ஆள் இல்லாமல் ஒரு பொழுதும் விடக்கூடாது, ஆனால் அவருடைய இடம் இந்த வீடுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஞ்செலா அடுத்தநாளே எங்கள் இருவருடைய பத்திரங்களிலும் கையெழுத்துப் போட்டார்.

குசினிக்குள் வந்ததும் நிலத்தில் இருந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அக்கா, என்ன மூளை உங்களுக்கு! அவரைக் கதைக்க வைக்கிறதுக்கு எப்பிடி உந்தத் தந்திரத்தை யோசிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

அக்கா கோப்பைகளைக் கழுவியபடி என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்ன தந்திரம்? இந்தியானாவை முன்னுக்கு வைச்சிருந்தார், நான் எடுத்து வைச்சன். டாக்குத்தர் இருந்தால் பொய்யான வரிசை உண்மையாப் போயிடுமோ?"

எங்கள் இருவருடைய வாழ்வும் ஒரு நூலில் தொங்கிய நேரத்தில் அந்த மனுசி கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லாக ஏசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கும் கதைக்க வருதே! இவ்வளவு நாளும் உதை எங்கை வைச்சிருந்தனி?" என்றார்.

தூரி அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். மகளின் பெயரும் மறந்துபோன காலத்திலும், கசெட்டைத் தள்ளினால் கை வந்து திருப்பி வைக்கும். தன் கட்டிலில்தான் கண்ணை மூடினார். அதற்குள் எங்கள் பெர்மெசோவும் கையில் வந்துவிட்டது. பிறகு அக்கா வேறு வீட்டுக்குப் போனார், நான் இப்போது இருக்கிற வீட்டுக்கு வந்தேன். கடைசியில் அக்கா வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். நோவு கூடின நாட்களில் அவர் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா சண்டை பிடிக்காமல் கிடப்பது. அதனால்தான் அந்த அப்பாடா. அவரை அந்த மௌனத்தில் இருந்து கடவுள் எடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமையே அயன் மேசையடியில் நின்று, அடக்கத்துக்குப் போக அரை நாள் லீவு கேட்டேன். என் சிஞ்ஞோரா நல்ல மனம் உள்ளவர். கேட்காமலே முழு நாள் தந்தார். தந்துவிட்டு, என் தோளைத் தட்டி, "பாவம். ஆனால் உங்கள் ஆட்களுக்கு யுத்தத்தால் சாவெல்லாம் பழகிப்போயிருக்கும், இல்லையா?" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். இத்தனை ஆண்டும் இப்படியான பேச்சுக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. அந்த 'சீ, சிஞ்ஞோரா' நாக்கு நுனி வரை வந்தது. பிலோ அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்னவென்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கூடைப்பந்தாட்டம் அல்ல, அவருடைய வரிசையும் அல்ல. பிழையானது கண்ணுக்கு முன்னால் இருந்தால், யாருடைய வீடு என்று பார்க்காமல் கையை நீட்டிச் சரியாக்கிவிடுகிற அந்தக் குணத்தில் ஒரு துளி.

"இல்லை, சிஞ்ஞோரா" என்றேன். "எங்களுக்கும் பழகேல்லை."

அவர் முகம் சிவந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அயன் பெட்டியின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த கதிரையைக் காட்டினார்.

"இரு" என்றார். "அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லு."

இருந்தேன்.