உம் கினானின் அலறல்

டமாஸ்கஸில் துருக்கித் தொடர் பார்க்கிற வீடுகளில் ருவைதாவின் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. டாக்ஸியில் ஏறி இடத்தைச் சொன்னால் போதும், ஓட்டுநர் கண்ணாடியில் முறைப்பார். "நெர்மின்தானே நீங்க? அந்தப் பயலை மன்னிச்சிருக்கவே கூடாது, ஆமா!" என்று சண்டைக்கு வருவார்.

சலமீயா என்ற சிறிய ஊரில் பள்ளி மேடையில் தொடங்கியவள். தலைநகரின் மேடைகளில் ராணியாக, பைத்தியக்காரியாக, ஆள் கிடைக்காத ஒருநாள் தாடி ஒட்டிக்கொண்டு சுல்தானாகவும் நடித்தாள். சினிமாவும் டிவியும் கொடுத்ததெல்லாம் வேலைக்காரியும் மருத்துவச்சியும்தான். திரைக்கேற்ற முகம் இல்லை என்று ஓர் இயக்குநர் நேருக்கு நேர் சொன்னார். அவர் முகம் என்ன லட்சணமோ! பிறகு துருக்கித் தொடர்கள் வந்தன. நெர்மின் என்ற கதாநாயகிக்கு ருவைதா அரபியில் குரல் கொடுத்தாள். அதோடு வாழ்க்கை நிமிர்ந்தது.

அலறல் என்றால் அவள்தான். டப்பிங்கில் அலறலைக் கடைசியில்தான் எடுப்பார்கள். முதலிலேயே அலறிவிட்டால் அன்றைக்குத் தொண்டை வேறெதற்கும் உதவாது. தொண்டைக்குப் பயந்த நடிகைகள் ஒரு தட்டு பக்லாவா இனிப்போடு வந்து நிற்பார்கள். அங்கே வழக்கப்படி மகன் பெயரைச் சேர்த்து, உம் கினான், அதாவது கினானின் அம்மா, என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். "உம் கினான், எனக்கும் சேர்த்து ஒண்ணு அலறிட்டுப் போயேன்." அவளும் அலறுவாள். அந்த ஊரில் பாதிக் கதாநாயகிகள் அலறியது அவள் தொண்டையில்தான்.

இப்போது அந்தத் தொண்டையில்தான் கத்தி பட்டிருந்தது. குரல் நாணில் கட்டி. எடுத்துவிட்டார்கள். பேசலாம், உரக்கக் கத்தக் கூடாது என்றார் டாக்டர். அவள் தலையாட்டிவிட்டு, ஆறியதும் நேரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள்.

வராந்தாவில் லமீஸ் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது, நல்ல குரல். ருவைதாவைப் பார்த்ததும் எழுந்து, பார்க்காதது போலக் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தாள். அவளை யார், எதற்கு வரவழைத்தார்கள் என்று ருவைதாவுக்குச் சொல்லத் தேவையில்லை.

வசனங்கள் தப்பித்தன. குரல் கொஞ்சம் கரகரத்தாலும் நெர்மினுக்குச் சளி பிடித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றார் டப்பிங் இயக்குநர் ஹைஸம். கடைசியாக அந்தக் காட்சி. நெர்மினின் மகளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். நடுரோட்டில் நெர்மின் வாயைத் திறக்கிறாள். வசனம் கிடையாது.

சிவப்பு விளக்கு எரிந்தது. ருவைதா மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மறுபடி. காற்று, அதன் நடுவே கதவு கிறீச்சிடுவது போல ஏதோ ஒன்று.

"உம் கினான், திரையில வாய் திறந்திருக்கு. வாய் திறந்தா சத்தம் வந்தாகணும்" என்றார் ஹைஸம். "ஜெனரேட்டர்ல டீசலும் இல்ல. இன்னொரு தடவைதான். வரலேன்னா நான் என்ன பண்றது? அலறலுக்கு ஒருத்தி, அழுகைக்கு ஒருத்தின்னு வச்சா சேனல்காரன் ஒத்துக்க மாட்டான். மொத்தமா லமீஸுக்குத்தான் போகும்."

"தெரியும், உஸ்தாத். சொல்லிக்காட்ட வேணாம்."

மூன்றாவது தடவை தொண்டையில் ரத்தச் சுவை வந்தது. சத்தம் வரவில்லை.

ஒலிப்பதிவாளர் வதீஃ எழுந்து உள்ளே வந்தார். அவளோடு சேர்ந்து நரைத்தவர். மைக்கை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில், "என்கிட்ட ஒண்ணு இருக்கு. உன்னோடதுதான். கோவிச்சுக்காதே" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கும் இதே அறையில் நெர்மினுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து போனை நீட்டினார்கள். மகன் கினான் அகதியாக ஏறிப்போன படகு கவிழ்ந்துவிட்டதாக அவள் தம்பி சொன்னான். அவள் அலறியபோது மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"அழிச்சிடுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"மனசு வரல. திட்டு, வாங்கிக்கறேன். ஆனா இதை வச்சா நெர்மின் உன்கிட்டயே இருப்பா. வாய் அசைவுக்கு அளந்தும் பார்த்துட்டேன், அச்சா பொருந்துது."

நெர்மின் போனால் மறுபடி மருத்துவச்சி வேஷம்தான், அதுவும் கிடைத்தால். வீட்டில் கணவன் எல்லா நாளும் தொடர் பார்க்கிறான், அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுகிறான். அந்த வேலையை எவ்வளவு விரும்பினாள் என்பது ருவைதாவுக்குத்தான் தெரியும். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். "போடு."

அலறல் வந்தது. அதை அவள் அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. அது சட்டென்று நின்றது.

"இவ்வளவுதானா?"

"மீதியை வெட்டிட்டேன்." வதீஃ தரையைப் பார்த்தார். "கடைசியில அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கே. நெர்மின் பொண்ணு பேரு வேறயாச்சே. அதான் பேரை எடுத்துட்டு, அலறலை மட்டும்..."

"பேரை எடுத்துட்டியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஹைஸம் ஸ்பீக்கரில் கேட்டார்: "என்ன முடிவு, உம் கினான்?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"கேட்டியா வதீஃ? அந்த மனுஷன் என்னை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறார்?"

வதீஃபின் கண் கலங்கிவிட்டது. ருவைதா பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். லமீஸ் திடுக்கிட்டு எழுந்தாள்.

"உள்ள போ, கண்ணு. உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்றாள். பிறகு திரும்பி, வதீஃபிடம் அந்தக் கரகரத்த குரலிலேயே சொன்னாள்: "வெட்டினதை மறுபடி ஒட்டி வை. முழுசா."