சனிக்கிழமைச் சோறு

எங்கள் நாய்க்கு வயிறு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் ஆலையில் சிரிப்பார்கள். "நாய்க்கு என்னலா வயிறு? கல்லைத் தின்னாலும் செரிச்சிரும்" என்பார் லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து தரையைத் துடைத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செர்டாங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எனக்கு வேலை. குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போடுகிற அறையில் உட்கார்ந்திருப்பேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் நாயும்தான். ஆலை வாசலில் குட்டியாகக் கிடந்தவனை நான்தான் பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தூக்கி வந்தேன். மூக்கிலிருந்து வால் நுனி வரை கன்னங்கரேலென்று இருப்பான். நான் வேலைக்குப் போனால் கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வயசு ஏற ஏற அவனுக்கு வயிறு கெட்டது. முதலில் வாந்தி, பிறகு கழிச்சல், அதன் பிறகு இரண்டும். கடையில் நிறுத்துக் கொடுக்கிற மலிவு நாய்த்தீனி வில்லைகள்தான் காரணம் என்று நினைத்து, பெரிய கடைக்குப் போனேன். அங்கே ஒரு சுவர் முழுக்க மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு வெள்ளைக்கார நாய் பல்லைக் காட்டிச் சிரித்தது. ஒன்று ஆட்டுக்கறி, ஒன்று சால்மன், ஒன்று தானியமே இல்லாதது. விலையைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கியது. நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த சீன முதலாளி தௌக்கே, "படத்தைப் பார்க்காதே, மூட்டையைத் திருப்பு. பின்னால் எழுதியிருப்பதைப் படி" என்று மலாயில் சொன்னார். விலை உயர்ந்ததெல்லாம் உன் நாய்க்கு நல்லது என்று அர்த்தமில்லை என்றும் சொன்னார். விற்கிறவரே அப்படிச் சொன்னதில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையம் வீங்கியிருக்கிறது, இவனுக்குக் கொழுப்புதான் விஷம் என்றார். வயிற்றுக்கென்றே இருக்கிற மூட்டை ஒன்றைக் காட்டினார். அந்த விலையில் நான் ஒரு மாதம் மீன் வாங்கிச் சாப்பிடலாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே வேறு வழி சொன்னார். குழைய வேகவைத்த சோறு, தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறி, பரங்கிக்காய். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. ஒரே வேளையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். சத்து குறையாமல் இருக்க ஒரு பொடியும் தந்தார்.

அன்றிலிருந்து கண்ணும் கருத்துமாகச் சமைத்தேன். கோழித் தண்ணீரை ஆறவைத்து, மேலே படிகிற கொழுப்பை வழித்துப் போட்டேன். எனக்கென்று அவ்வளவு பக்குவமாக நான் சமைத்ததே கிடையாது. திங்களிலிருந்து வெள்ளி வரை பயல் நன்றாக இருப்பான். ஞாயிறு விடிந்தால் வாந்தி.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கோழிக்காரனிடம் போய், "சனிக்கிழமை பழைய கோழியத் தள்ளி விடுறியா?" என்று சண்டை போட்டேன். பாவம், அவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். நான் காலில் போடுகிற சப்பாத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஆலைத் தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதை மிதித்துக்கொண்டு வருகிறேன், நக்குகிறானோ என்னவோ என்று வாசலிலேயே சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்படியும் ஞாயிறு ஞாயிறாகவே இருந்தது. ஒரு தடவை ரொம்ப மோசமாகி, ட்ரிப் ஏற்றித்தான் மீட்டார்கள். "எங்கேயோ எண்ணெய் போகுது. இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்க மாட்டான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் காடியை ஓட்டிக்கொண்டே சத்தம் போட்டு அழுதேன்.

அடுத்து ஒரு சனிக்கிழமை. ஆலையில் கொதிகலன் பழுதாகி, வேலையை நிறுத்திக் காலையிலேயே எங்களை அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்து. பந்தல் தெருவை அடைத்திருந்ததால் காடியை முனையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். பந்தல் காலைத் தாண்டியதும் என் வீட்டு கேட் தெரிந்தது. அங்கே ஒருவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பியபடி என் நாயின் முன்னால் நின்றார்.

பார்த்தால், கல்லைத் தின்னாலும் செரிக்கும் என்ற அதே லாரி அண்ணன்.

நான் பந்தல் காலோரமே நின்றுவிட்டேன். ஆலையில் வாய் ஓயாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசைய நின்றார். கும்பிட்டு முடித்து, வாழை இலைத் துண்டில் எதையோ கேட் இடுக்கு வழியாக வைத்துவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். நாய் தின்றது. அதற்குள் பின்வரிசை வீட்டு அக்கா எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்தார். முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கிண்ணத்தை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், பாதியிலேயே அழுதுவிட்டார்.

நான் தட்டைத் தரையில் வைப்பதற்குள் கையோடு சேர்த்துக் கடிக்கப் பாய்கிற நாய் அது. அன்றைக்கு அது அசையவில்லை. முன்னங்கால்களை ஒட்டி வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கிண்ணத்தைக் கீழே வைக்கும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இது என் நாய்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஆனால் கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்ததும் மற்றதெல்லாம் பறந்துபோனது. எள்ளுச் சாதம். நல்லெண்ணெய் மினுமினு என்று மிதந்தது.

"அக்கா! எடுங்க அதை! என் நாயைக் கொல்லப் பார்க்கிறீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் கெண்டூரி வீட்டில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா கிண்ணத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, தப்பா நினைக்காத. எங்க வீட்டுக்காரரு செம்பனை வெட்டப் போன இடத்துல தலையில குலை விழுந்து ஆஸ்பத்திரில கிடக்காரு. அஷ்டமச் சனியாம். கறுப்பு நாய்க்கு எள்ளுச் சாதம் போடுன்னு சோசியரு சொன்னாரு. ஒரு வாரம்கூட விடக் கூடாதாம். இந்த தாமான்ல முழுக்கறுப்பு இது ஒண்ணுதான்மா."

"நீங்க மட்டுமா?"

"இல்லம்மா. நெறைய பேரு வருவாங்க."

அடக் கடவுளே! நான் எடை அறையில் உட்கார்ந்து லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருந்த சனிக்கிழமைகளில், ஊரில் பாதிப் பேர் தங்கள் கஷ்டத்தை எண்ணெய் விட்டுப் பிசைந்து என் நாய்க்கு ஊட்டியிருக்கிறார்கள். ஆத்திரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மலைப்பு. தினமும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போகிற இவர்களுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் முதுகை வளைத்து வாந்தி எடுத்தான். ஏற்கெனவே யார் யார் என்னென்ன போட்டார்களோ. நான் கேட்டைத் திறந்துவிட்டு, காடியை எடுக்க ஓடினேன். அதைக் கிளப்புவதற்குள் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கே வந்துவிட்டார். அவரே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கிளினிக் போய்ச் சேரும் வரை அவர் சேலையில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். அவர் அவன் தலையைத் தடவிக்கொண்டு, "மன்னிச்சுக்கடா அய்யா, மன்னிச்சுக்கடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா சொன்னபடி அவன் தாங்காமல் போயிருக்க வேண்டும். தாங்கினான். எப்படி என்று கேட்டதற்கு அவரும் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அக்கா கேட்டுக்கு வெளியே நின்று தயங்கினார். "சனிக்கிழமை வருதே தங்கச்சி. நிறுத்தினா அவருக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றார். போங்கள் என்று சொல்ல என் வாய் துடித்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "போடுங்கக்கா. ஆனா நான் சொல்ற மாதிரி ஆக்கிப் போடுங்க" என்றேன். குழைந்த சோறு, பரங்கிக்காய், வேறு எதுவும் இல்லை. சனிக்கிழமை அவர் கவிச்சியைத் தொட மாட்டார். கோழியை மற்ற வேளைக்கு நான் பார்த்துக்கொள்வேன்.

"எள்ளு இல்லாம, எண்ணெய் இல்லாம குடுத்தா சாமி ஏத்துக்குமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார். "சாமிக்கே வயித்து வலி குடுத்துட்டு நான் என்ன வரம் கேட்கிறது?" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

கேட்டில் போர்டு மாட்டலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டு, அந்தச் சனிக்கிழமை முழுக்க அக்காவே வாசலில் நின்றார். வந்தவர்களிடமெல்லாம், "பைரவருக்கு எண்ணெய் ஆகாது, பரங்கிக்காய்தான் ஆகும்" என்று உத்தரவு போட்டார். அவர்களும் கேட்டார்கள். மதியம் நான் வந்து பார்த்தால் கேட் ஓரத்தில் பரங்கிக்காய்களும் அரிசிப் பைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டாக்டரம்மா காட்டிய அந்த மூட்டையை வாங்க வக்கில்லையே என்று எத்தனையோ நாள் மனசு குமைந்திருக்கிறேன். இப்போது என் நாய்க்கு ஊரே சோறு போட்டது. லாரி அண்ணன் ஆலையில் என் கண்ணைப் பார்க்காமலே மேசைமேல் ஒரு பரங்கிக்காயை வைத்துவிட்டு, "பிஞ்சுலா, நல்லா வேகும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. நாய்க்கு ஞாயிற்றுக்கிழமை வாந்தி நின்றது, ரோமம் பளபளத்தது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் வேலைக்குக் கிளம்பும் முன்பே அக்கா வந்துவிடுவார். செருப்பைக் கழற்றுவார், கிண்ணத்தை உயர்த்துவார், வேண்டுவார். நாய் காத்திருக்கும். நான் தேநீரைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இந்தச் சோசியம், தோஷம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் ரேடியோவை நிறுத்திவிடுவேன்.

ஒரு புதன்கிழமை அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

சாவு வீட்டுக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. எண்ணெயை நிறுத்தச் சொன்னவள் நான். அதை நினைத்திருப்பாரோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சனிக்கிழமை நானே சோறும் பரங்கிக்காயும் வேகவைத்தேன். தீட்டு வீடு. கோவில் வாசலை மிதிக்கக் கூடாது, சாமி காரியம் எதுவும் கூடாது. பைரவர் என்று கும்பிட்ட இடத்துக்கு அவர் எப்படி வருவார்? நான் வைத்த தட்டை நாய் மோந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் அக்கா வந்தார். தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே நின்றார். கையில் அதே கிண்ணம்.

"வரலாமா தங்கச்சி? தீட்டு இருக்கு."

வாங்க என்று தலையை ஆட்டினேன்.

"சாமின்னு நினைச்சா வரக் கூடாது. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். நாய்னு நினைச்சு வந்துட்டேன். நாய்க்குப் பசிக்கும்ல?" என்றார். கிட்டே வந்து, "நேத்து வெளிக்கி ஒழுங்காப் போனானா?" என்று கேட்டார். "போனான்க்கா" என்றேன்.

இந்தத் தடவை அவர் செருப்பைக் கழற்றவில்லை. கிண்ணத்தை உயர்த்தவும் இல்லை. குனிந்து நாயின் முன்னால் வைத்தார். அது தொடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

"எதுக்குடா பார்க்கிற? இன்னிக்குக் கேட்கிறதுக்கு ஒண்ணும் இல்லடா. நீ சாப்பிடு."

அது சாப்பிடவில்லை.

அக்கா அப்படியே கேட் படியில் உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில் நான் பார்க்காத அழுகையை அங்கே அழுதார். நாய் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவர் மூச்சு அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தலையைக் குனிந்து முதல் வாய் எடுத்தது.

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பப் பார்த்தேன். தரை சில்லென்றது. குனிந்து பார்த்தால் வெறுங்காலோடு நிற்கிறேன். சப்பாத்தை எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.