திருப்பிக் கேட்ட பதினாலு மாதம்

என் பதவி உயர்வுத் தேதியை மாற்றச் சொல்லி மேல்முறையீடு செய்வதற்காக இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். முதுநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் கட்டில் முழுக்கக் காகிதங்களைப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருப்பேன். சர்ச்சுக்குப் போய்வந்த என் மனைவி ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மேஜரா இருந்தீங்க, இப்ப லெப்டினன்ட் கர்னல். வந்தது வந்துடுச்சில்ல? தேதி முன்ன பின்ன இருந்தா என்ன?"

ராணுவத்தில் இல்லாதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். இரண்டு பேரும் ஒரே பதவியில் இருந்தாலும் தேதி முந்தியவர்தான் மூத்தவர். அடுத்த பதவிக்கு அவர் பெயர்தான் முதலில் போகும். எனக்குப் பின்னால் வந்து, நான் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆள், இப்போது பட்டியலில் எனக்கு மேலே இருந்தான். என்னிடமிருந்து பதினாலு மாதத்தை எடுத்துவிட்டார்கள். அதைத்தான் திருப்பிக் கேட்டேன்.

மாதங்கள் போன கதை இது. மூன்று வருடத்துக்கு முன்னால், வடக்கே மலையில், நானும் என் டிரைவரும் போன ஜீப் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். எனக்கு இடுப்பெலும்பு உடைந்தது. விபத்தைப் பற்றி விசாரணை வைத்தார்கள். விசாரணை முடியும்வரை எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள். பதினாலு மாதம் கழித்து முடிவு வந்தது. பனி மூடிய சாலையில் வண்டியை எடுத்தது டிரைவரின் தவறான முடிவு, அதிகாரிமேல் குற்றமில்லை. அந்தத் தாள் வந்த தேதியிலிருந்துதான் எனக்குப் பதவி கொடுத்தார்கள். குற்றமில்லை என்றால் தண்டனை மாதிரி ஏன் அத்தனை மாதத்தைக் கழித்தீர்கள்? அதுதான் என் கேள்வி. முதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இது இரண்டாவது.

விசாரணையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டபோது, "நினைவில்லை" என்றேன். தலையிலும் அடி பட்டிருந்ததால் நம்பினார்கள்.

நினைவு இருந்தது. ஒரு சொல் விடாமல் இருந்தது.

டிரைவர் காட்டுமன்னார்கோயில்காரர். மற்றவர்கள் முன்னால் என்னை "சாப்" என்பார்; தனியாக இருந்தால் "சார்". அத்தனை பேர் இருந்த முகாமில் எங்கள் ஊர்ப் பேச்சு பேச எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், ரோடு கண்ணாடி மாதிரி கெடக்கு. வெயில் ஏறட்டும், ஒரு மணி நேரம் பொறுத்துப் போலாமா?" பத்து மணிக்கு எனக்கு ஒரு கூட்டம். தாமதமாகப் போனால் மேலதிகாரி முகம் சுளிப்பார். அவ்வளவுதான் காரணம். "நீ எடு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் எதைப் பார்த்துக்கொண்டேன்?

டிரைவரின் அந்தக் குரல் என்னை விடவில்லை. மஞ்சக்குப்பத்தில் டவுன் பஸ்ஸில் போகும்போது மழைக்கு டிரைவர் வைப்பரைப் போட்டால் எனக்கு உட்கார்ந்திருக்க முடியாது. கீழே விழுந்த பிறகும் எங்கள் ஜீப்பின் வைப்பர் நிற்கவில்லை. உடைந்த கண்ணாடிமேல் கறக் கறக்கென்று போய்ப் போய் வந்தது. பாதி வழியில் இறங்கி நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்த நாட்கள் உண்டு. டீக்கடையில் யாராவது "கொஞ்சம் பொறுத்துப் போலாமே" என்றால் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். மனைவியிடம் இடுப்பு வலி என்று சொல்லிவைத்திருந்தேன்.

வக்கீல் சிதம்பரத்தில், கீழவீதியில் இருந்தார். அவரும் ராணுவத்தில் இருந்து வந்தவர். மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேஸ் நல்லாத்தான் இருக்கு கர்னல். ஒரே ஒரு பாரா பலமா வேணும். 'நான் எச்சரித்தும் ஓட்டுநர் கேட்கவில்லை'ன்னு."

"விசாரணைல எனக்கு நினைவில்லன்னு சொல்லியிருக்கேனே சார்."

"பின்னால நினைவு வந்துச்சுன்னு போட்டுக்கலாம். டாக்டர் சர்டிபிகேட் வாங்கிடலாம். மறுத்துச் சொல்ல யார் இருக்கா?"

அவரே தொடர்ந்தார். டிரைவரின் குடும்பத்துக்கு ராணுவத்திலிருந்து ஒரு கடிதம் போயிருக்கும், அதிலும் டிரைவரின் தவறு என்றுதான் இருக்கும், ஒரு நகல் வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மறுக்க என்னால் முடிந்திருக்கும். ஆனால் வெளியே வந்ததும் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில்தான் ஏறினேன். அடக்கத்தின்போது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு விடுப்பிலும் போகவேண்டும் போகவேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். கடைசியில் ஒரு காகிதத்துக்காகப் போனேன்.

குமராட்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். டிரைவரின் வீடு ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால். அவருடைய மனைவி ஒரு மெட்ரிக் பள்ளி ஆபீஸில் வேலை பார்த்தார். அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லவேண்டி இருக்கவில்லை.

"வாங்க சார். உக்காருங்க."

சுவரில் சீருடையில் டிரைவரின் படம். மாலை புதிது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தேதி, பதவி, பட்டியல், கடிதம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அவர் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். கூடவே ஒரு பழைய போன். திரையில் விரிசல். அதில் இருந்த ஒரு குரல் பதிவை ஓடவிட்டார்.

"ஏய், எழுந்துட்டியா? இங்க பனி ஜாஸ்தியா கெடக்கு. ரோடே தெரியல. நம்மூரு சாரு இப்பவே போவணுங்கறாரு. சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. சரி, போயிச் சேந்துட்டுப் போன் பண்றேன். டீ குடிச்சியா?"

அவர் குரலுக்குப் பின்னால் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரை கேட்டது. அந்தப் பக்கெட்டை நான் பார்த்திருக்கிறேன்.

"பாடி வர்றதுக்கு மொதல்லயே இது எங்கிட்ட இருக்கு சார்," என்றார்.

"யார்கிட்டயும் காட்டலியா?"

"யார்கிட்ட காட்டுறது? நீங்க வருவீங்கன்னு இருந்தேன். வந்து நீங்களே சொல்லுவீங்கன்னு. மூணு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. வந்து லெட்டர் கேக்கறீங்க."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். நான் சொன்னேன். பொறுத்துப் போகலாமா என்று அவர் கணவர் கேட்டது, நான் வண்டியை எடுக்கச் சொன்னது, பத்து மணிக் கூட்டம்தான் காரணம் என்பது. அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "உடனே போயிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அரை மணி நேரத்துக்கு மேல இருந்தாரு. ரெண்டு பேராலயும் அசைய முடியல. குளுருது சார், குளுருதுன்னு சொன்னாரு. என் கை அவருகிட்ட எட்டல."

"அப்புறம்?"

"உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. ரெண்டு தடவ. என்னைத்தான் நீங்கன்னு நெனச்சாரு போல. நான் 'ம்'னு சொன்னேன்."

எழுந்து சமையலறைக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"தப்பா ஓட்டிச் செத்தாருன்னு எழுதியிருக்காங்க சார். பத்து வருசம் அந்த மலையில ஓட்டுன மனுசன். அத மாத்திக் குடுங்க. உங்க தேதிய நீங்க என்னவோ பண்ணிக்குங்க."

கடிதத்தை எடுத்துக்கொள்ளாமலே வந்தேன்.

மறுநாள் வக்கீலிடம் போய், மனுவை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான்கு பக்கம் என் கையால் எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்க. கேட்ட தேதியும் வராது, இருக்கறதும் போயிடும். விசாரணைல பொய் சொன்னதா ஆகும்."

"ஆகட்டும் சார். பொய்தான சொன்னேன்."

அன்று சாயங்காலம் மனைவியிடமும் சொன்னேன். இடுப்பு வலி இல்லை என்பதிலிருந்து தொடங்கினேன். அவள் அழுதாள். என்னோடு பேசாமல் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அந்த நான்கு பக்கத்தை ராணுவத்துக்கு அனுப்பத் தபால் ஆபீஸுக்குப் போனபோது அவளும் வந்தாள்.

மறுபடி விசாரணை வந்தது. எட்டு மாதம் ஓடியது. அந்தக் குரல் பதிவை டிரைவரின் மனைவி தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் என் பணிப் பதிவேட்டில் கடும் அதிருப்தி என்று எழுதினார்கள். அதற்குமேல் பதவி கிடையாது என்று அதற்கு அர்த்தம். கேட்ட பதினாலு மாதம் வரவில்லை. டிரைவரின் பதிவேட்டிலிருந்து தவறான முடிவு என்ற வரியை நீக்கிவிட்டு, உடன் சென்ற அதிகாரியின் உத்தரவின்படி வண்டியை எடுத்தார் என்று மாற்றினார்கள். அதைச் சொல்லும் கடிதம் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனது. அடுத்த வருடம் நானே கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் குரல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. முன்பு ஒரு வாக்கியம்தான் கேட்டது; இப்போது "டீ குடிச்சியா" என்பதும் சேர்ந்துகொண்டது.

கடிதம் கிடைத்த செய்தியைச் சொல்ல டிரைவரின் மனைவி போன் செய்தார். மாமியாருக்குப் படித்துக் காட்டினேன் என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சார், அந்த எடத்த ஒரு தடவ பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

போன சித்திரையில் மூன்று பேரும் போனோம். என் மனைவியும் அவரும் ரயிலில் கீழ் பெர்த்துகளில் எதிரெதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து விஷயம் பேசிக்கொண்டே வந்தார்கள். மலையில் வாடகை வண்டி பிடித்தோம். பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டே போனேன். பாலம் வந்தது. அதற்கப்புறம் மூன்றாவது வளைவு. ஆனால் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். மலையை வெட்டி வளைவுகளை நேராக்கி, பள்ளத்தின் ஓரம் முழுக்க சிமெண்ட் சுவர் எழுப்பியிருந்தார்கள். வண்டியைத் திருப்பச் சொன்னேன். மறுபடி போனோம். மறுபடி திருப்பினோம்.

"இங்கயா சார்?"

"இல்ல... இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்னு நெனைக்கிறேன்."

"அப்ப அங்கயா?"

ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிற எனக்கு இடம் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பாறை, ஒரே மாதிரி மரம். அவர் தானாகவே இருபதடி நடந்து போய், சுவரில் ஒரு இடத்தில் கையை வைத்தார்.

"இங்கன்னு வச்சிக்குவோம்," என்றார்.

என் மனைவி போய் அவர் பக்கத்தில் நின்றாள். நான் வண்டியின் அருகிலேயே நின்றேன். அவர்கள் திரும்பி வரும்வரை வாடகை வண்டி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.