லாக்கில் விட்ட சுவிட்ச்

மூன்று வருஷம் முந்தி, ஒரு ஆடி மாசம். தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து பைபர் படகுகளுக்கு ரிப்பேர் வேலை பார்த்து வந்தோம். ஓட்டை விழுந்த இடத்தை ஒட்டி, காய்ந்ததும் சாண்டர் மெஷினால் தேய்க்க வேண்டும். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் சுவிட்ச் லாக் ஆகி, விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் வலிக்கிறதென்று நான் எப்போதும் லாக்கில்தான் போடுவேன்.

மச்சான் ஏசுவார். "ஏலே மாப்ள, கை நழுவுனா மெஷின் நிக்கணும்லா. நீ பூட்டிப் போட்டா எங்கன நிக்கும்?"

அன்று காலை பதினோரு மணிவாக்கில், தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மெஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். லாக்கை எடுக்கவில்லை. பிளக்கையும் உருவவில்லை.

டீக்கடை பேன் மறுபடி சுற்ற ஆரம்பித்த அதே நேரம் மச்சானின் அலறல் கேட்டது.

நான் வருவதற்குள் தேய்ந்துபோன உப்புத்தாளை மாற்றி வைப்போமே என்று மெஷினைக் கையில் எடுத்திருக்கிறார். கரண்ட் வந்ததும் அது அவர் கைக்குள்ளேயே சுற்றிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் எலும்பு தெரியக் கிழிந்திருந்தன. மெஷின் மணலில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் பிளக்கை உருவினேன். அதோடு நிற்கவில்லை. ஆட்கள் வருவதற்குள் குனிந்து அந்த லாக்கையும் எடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி அண்ணனைப் பார்த்து அழுதுகொண்டே ஏசினாள். "பிளக்க உருவாம எவனாவது கைய வைப்பானா?" நானும், "அவசரப்பட்டுட்டாரு" என்றேன். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தையல் ஆறியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு மாசம் கழித்து, தூக்கம் கெட்டு, அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் மாப்ள. ரத்தம் ஒழுகும்போதே, நீ குனிஞ்சு லாக்க எடுத்ததப் பாத்தேன்" என்றார். "பிளக்க உருவாதது என் தப்புதான். அத நான் தாங்கிக்கிடுவேன். தங்கச்சி ஏசும்போது நீயும் சேந்துக்கிட்டியே..." எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. இப்போது ஐஸ் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குப் போனால் என்னை "வாங்க, இருங்க" என்கிறார். மாப்ள என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வருவதே இல்லை.

இப்போதெல்லாம் உப்புத்தாள் மாற்றுமுன் பிளக்கை உருவி, கண் முன்னால் வைத்துக்கொள்கிறேன். லாக் பட்டனைத் தொடுவதே இல்லை. ஆனால் என் மனைவி இன்றைக்கும் அண்ணனின் கவனக்குறைவைத்தான் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறாள். அவரும் மறுத்துப் பேசுவதில்லை, பக்கத்திலேயே இருக்கிற நானோ இதைக்கூடப் பெயர் போடாமல் எழுதுகிற அளவுக்குத்தான் திருந்தியிருக்கிறேன்.