பன்றிக்கொழுப்பு பூசிய கப்பல்

ஏசா பாஸ்நைட் தன் கடைசி முப்பத்தொரு வருஷம் பன்றிக்கறியைத் தொடவில்லை. வட கரோலினாவின் ஆற்றங்கரையில் அது லேசுப்பட்ட காரியமில்லை; அங்கே அவரைக்காய் வேகவைத்தாலும் ஒரு துண்டு கொழுப்பு விழும். "என்ன ஏசா, பன்னி தின்னாத யூதனாயிட்டியா?" என்று சீண்டுவார்கள். அவன் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வருவான்.

அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது; பேரில் 'வட' இருந்தாலும் வட கரோலினா தெற்கின் பக்கம். நூறு அடிமைகளை வைத்திருந்த கனவான்கள் வீட்டோடு இருந்துகொள்ளச் சட்டமே இடம் கொடுத்தது. ஒற்றைப் பன்றி வைத்திருந்த மீன்காரன் ஏசாவைப் பிடித்து, சோளக்கொல்லையில் வைத்துக் கட்டிய இரும்புக் கப்பலில் போட்டார்கள். கப்பலாம் கப்பல்! மரத்தட்டின் மேல் கூரை மாதிரி சாய்வாக இரும்புத் தகடுகளை அடித்து, உள்ளே பீரங்கிகளையும் நூறு பேரையும் திணித்திருந்தார்கள். அந்த நூறு பேரில் லெமுவெலும் ஒருவன். ஏசாவின் மனைவி பெனினாவின் தம்பி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நீச்சல் தெரியாதவன்.

"அவனத் திருப்பிக் கொண்டாந்து எங்கிட்ட விடணும். நீ மட்டும் வந்து நிக்காத," என்று சொல்லித்தான் பெனினா அனுப்பினாள்.

சாய்ந்த இரும்பில் பன்றிக்கொழுப்பைப் பூசினால் எதிரியின் குண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பது கேப்டனின் கண்டுபிடிப்பு. வீடுவீடாகக் கொழுப்பு கேட்டு ஆள் வந்தது. பெனினா தன் ஒற்றைப் பன்றியின் கொழுப்பை ஜாடியோடு தூக்கிக் கொடுத்தாள், தம்பிக்காக. ஏப்ரல் வெயிலில் எல்லாம் சிக்கேறி நாறியது. சில ஜாடிகளில் புழு நெளிந்தது. அதை வெறுங்கையால் அள்ளி அப்புவது ஏசாவின் வேலை. நகக்கண்ணில் கொழுப்பு, தாடியில் கொழுப்பு, கொழுப்பு எங்கேயோ அங்கெல்லாம் ஈ. சோளரொட்டியைப் பிட்டால் குமட்டும்.

"மச்சான், இப்படியே வாணல்ல தூக்கிப் போட்டா நீயே மொறுமொறுன்னு வந்துருவ," என்று சிரிப்பான் லெமுவெல்.

நீர்மட்டத்திலிருந்து கூரைக் கதவுக்கு ஏறிவரச் சாய்வில் கம்பிகள் பதித்திருந்தார்கள். அவற்றை மட்டும் ஏசா பூசாமல் விட்டான். கேப்டன் வெள்ளைக் கையுறை விரலால் ஒரு கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன, காஞ்சு கெடக்கு?"

"ஏறி எறங்குற கம்பிங்கய்யா. கைக்குப் புடி வேணும்ல?"

"எதிரியோட குண்டு கம்பியப் பாத்து ஒதுங்கிப் போகுமாடா? பூசு. ரெண்டு கை தூக்கலாவே பூசு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். விலங்கு மாட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் பூசினான்.

சண்டை நாளன்று காலையில் தண்ணியாய்ச் சோளக்கஞ்சிதான். வடக்கத்திக்காரர்களின் குண்டுகள் பக்கவாட்டில் வெடிக்க வெடிக்க இரும்பு சுட்டு, கொழுப்பு பொரிந்தது. பீரங்கித் துவாரங்கள் வழியே வறுத்த கறி வாசனை உள்ளே புகுந்தது. அதே துவாரம் வழியே வந்த குண்டுச் சில்லு ஒருவனின் வயிற்றைக் கிழித்தது. குடல் சரிந்து அவன் பக்கத்திலேயே கிடக்க, ஏசாவின் வாயில் எச்சில் ஊறியது. அந்த எச்சிலைத்தான் சாகும்வரை துப்பிக்கொண்டிருந்தான்.

குண்டுகள் சறுக்கத்தான் செய்தன. இரும்பு சாய்வாக இருந்ததால் சறுக்கின. கொழுப்பு இல்லாவிட்டாலும் சறுக்கியிருக்கும்.

பிறகு கப்பலின் இரும்பு மூக்கால் எதிரியை முட்டச் சொன்னார் கேப்டன். மூக்கு முறிந்து, முன்பக்கம் பிளந்து, தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. இருந்த ஒரே படகில் கேப்டன் முதலில் இறங்கிக்கொண்டார். மற்றவர்கள் கூரைக் கதவு வழியே முண்டியடித்து வெளியே வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்க, லெமுவெல் கம்பியில் கால் வைத்தான். உருகிய கொழுப்பு அவனை அப்படியே கீழே இழுத்துப் போயிற்று. இடுப்புவரை ஆற்றுக்குள் முங்கி, ஒரு கம்பியில் தொங்கினான்.

கதவு விளிம்பில் காலை மாட்டிக் குப்புறப் படுத்து, ஏசா அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வழுக்கியது.

"கையத் தொடச்சுட்டுப் புடி மச்சான்!"

சட்டையில் துடைத்தான். சட்டை முழுக்கக் கொழுப்பு. தலைமுடியில் துடைத்தான். அங்கேயும் அதுதான். மறுபடி பிடித்தபோது, விரல் ஒவ்வொன்றாக நழுவி லெமுவெல் போய்விட்டான்.

சிறிது நேரத்தில் கப்பல் தரைதட்டி நின்றது. கூரை மூழ்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் போதும். கொழுப்பின் புண்ணியத்தால் ஒரு குண்டும் துளைக்கவில்லை என்று கேப்டன் மேலிடத்துக்கு எழுதினார். தூ!

ஏசா தனியாக வீட்டு வாசலில் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான். பெனினா அழவில்லை.

"கம்பியில பூசுனது யாரு?"

"நான்தான்."

பெனினா கை கழுவும் சோப்பை எடுத்தாள். அதுவும் அதே பன்றியின் கொழுப்பில் காய்ச்சியது. முற்றத்தில் வீசி எறிந்தாள். அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"தேய்," என்றாள்.

முப்பத்தொரு வருஷம் தேய்த்தான்.