தோட்டத்துக்கு வந்த டிரம்

குழந்தைகளே, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவன். ராயபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். தெருக்குழாய் பக்கத்திலேயே இருந்தது. செடி வைக்கத்தான் இடமில்லை. என் மகள் வள்ளி ஆசைப்பட்டதால் வீரபாண்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் குடிபோனோம். அவரை விதை போட்டோம், ஆட்டுக்குட்டியும் வாங்கினோம்.

கிணறு தூரம். சலவைப் பட்டறையில் துணி வெளுக்கும் ரசாயன மருந்து வந்த காலி டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கம்பெனியில் வேலை செய்கிற பலர் வீட்டிலும் அதுதான் தண்ணீர்த்தொட்டி.

"நல்லாக் கழுவுனீங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டு தடவை அலசியாச்சு, போதும் புள்ள."

மறுநாள் காலை வள்ளி அதிலிருந்து தண்ணீர் மொண்டு முதலில் குட்டிக்கு வைத்தாள். பிறகு தான் குடிக்க டம்ளரை எடுத்தாள். அதற்குள் குட்டி நுரை தள்ளி விழுந்தது. நான் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டேன். குட்டி பிழைக்கவில்லை.

"நாந்தானுங்கப்பா தண்ணி வெச்சேன்" என்று அழுதாள்.

"இல்ல கண்ணு, அப்பன் பண்ணுன தப்பு."

"கொழாய் இருக்கற ஊட்டுக்கே போயிரலாங்கப்பா."

நான் டிரம்மை உருட்டிக்கொண்டுபோய்ப் பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது புது மண்தாழியில்தான் தண்ணீர் வைக்கிறோம். மருந்து வந்த எதையும், எத்தனை முறை கழுவினாலும், நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அடுத்த பட்டத்தில் அவரை மறுபடி போட்டோம். கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. பறிக்க வள்ளி மட்டும் வருவதில்லை.