டீத்தூளில் சிவந்த முட்டை

பச்சை முட்டையை யாராவது குடிப்பதைப் பார்த்தாலே எனக்குக் குடலைப் புரட்டும். நான் வயதுக்கு வந்தபோது மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்கள். அந்தக் கொழகொழப்பு தொண்டையில் நின்று நின்று இறங்கியதை இன்னும் மறக்கவில்லை. போன வருஷம் என் மகள் பெரியமனுஷி ஆனபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் வந்தது முட்டைக் கவலைதான்.

ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் ஊரில் இதற்குத் தப்ப வழியே கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்துக் குடிக்கவைப்பார்கள். அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றி அதையும் குடிக்கவைப்பார்கள். இடுப்புக்குப் பலமாம். "அவிச்சுக் குடும்மா, எத்தன வேணும்னாலும் தின்னுறேன்" என்று மகள் முதல் நாளே கெஞ்சினாள். "அவிச்சா சத்தெல்லாம் போயிடும்" என்றார் வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து இறங்கியிருந்த என் நாத்தனார். அதோடு பேச்சு முடிந்தது. சரி, குடித்துத்தான் ஆகவேண்டுமென்றால் நம் கொல்லைக் கோழி முட்டையாவது பிள்ளை வயிற்றுக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

எங்களிடம் மூன்று ஜாதிக் கோழி உண்டு. சிறுவிடை உருவத்தில் சின்னது, அதன் முட்டை வெளுத்த சந்தன நிறம். கருங்கோழிக்குக் கொண்டை முதல் எலும்பு வரை கறுப்பு. முட்டையும் கறுப்பாக இருக்குமா என்று கேட்காதவர்கள் இல்லை. அதுவோ பால் அதிகம் போட்ட டீ நிறத்தில் முட்டையிடும். கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்தி பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் மூன்றிலும் கொஞ்சம் சிவந்த முட்டை அதனுடையதுதான். அப்போது அது அடைகாத்துக்கொண்டிருந்ததால் கையில் இருந்ததெல்லாம் வெளுத்த முட்டைகள்.

நாத்தனார் கூடையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "என்னம்மா இது, பண்ணை முட்டையாட்டம் வெள்ளையா இருக்கு?"

"நம்ம கோழி போட்டதுங்க அண்ணி. காலையில நானே எடுத்தேன்."

"நாட்டுக்கோழின்னா முட்டை செவப்பா இருக்கும். எனக்குத் தெரியாதா?"

கொல்லையில் கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நாத்தனார் டவுன் பஸ் ஏறிப் போய், சந்தையிலிருந்து ஒரு அட்டை நிறைய முட்டை வாங்கி வந்தார். எல்லாம் செங்கல் பொடி நிறம். மேலே வைக்கோல் துணுக்கும் காய்ந்த எச்சமும் ஒட்டியிருந்தன. "பாத்தியா, இதுதான் நாட்டுக்கோழி" என்று மகிழ்ந்துபோனார். கோழி எச்சத்தைப் பார்த்து ஒருத்தர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

மறுநாள் காலையில் அதில் ஒன்றை உடைத்துக் கொடுத்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். விழுங்கிய வேகத்திலேயே வாந்தி எடுத்தாள். கூடம் முழுக்க நாற்றம். முட்டை எத்தனை நாள் பழசோ. நான் எரிச்சலோடு மீதி முட்டைகளைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தேன். என் விரல் பழுப்பானது, தண்ணீர் பழுப்பானது, முட்டைகள் வெள்ளை வெளேரென்று ஆயின. தண்ணீரை மோந்து பார்த்தேன். டீத்தூள் வாசனை. பண்ணை முட்டையை டீத்தண்ணியில் ஊறவைத்து, மேலே எச்சத்தையும் வேலை மெனக்கெட்டுப் பூசியிருக்கிறார்கள். அந்தக் கண்றாவியைத்தான் என் பிள்ளை வாயில் ஊற்றினோம்.

"வந்து பாருங்க அண்ணி" என்று கத்தினேன். வந்து பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். நாடியில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார், அவ்வளவுதான். மறுநாள் சொந்தக்காரர்கள் சீரோடு வரவிருந்தார்கள். அவர்கள் கண்முன்னால் பிள்ளை முட்டை குடிக்கவேண்டும்.

சீர் வரும் நாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போனால் நாத்தனார் எனக்கு முன்னால் நிற்கிறார். அடுப்பில் டீத்தூள் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அதற்குள் என் சிறுவிடையின் முட்டைகள், என் கருங்கோழியின் முட்டைகள்.

"என்ன பண்றீங்க?"

"நம்ம வூட்டு முட்டைதாம்மா. கொஞ்சம் செவக்கட்டும். வெள்ளையா இருந்தா பண்ணை முட்டையக் குடுத்தோம்னு நாலு பேர் பேசுவாங்க."

அசல் முட்டையை அசல் என்று நம்பவைக்கப் போலிச் சாயம் பூசுகிறார். வாயில் வந்ததை எல்லாம் நான் சொல்லியிருப்பேன். அதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கூடத்து மூலையில் தனிப்பாயில் இருக்கவேண்டிய மகள், அடுப்படிக்கே வரக்கூடாதவள், எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, எவ்வளவு நேரமா கொதிக்குது?"

"நல்லா ஏறணும்னு அப்பவே போட்டுட்டேன் பாப்பா."

மகள் கரண்டியால் ஒன்றை எடுத்து, ஊதி, அடுப்புத் திண்டில் தட்டினாள். ஓடு விரிசல் விட்டது. உள்ளே முட்டை கெட்டியாக அவிந்திருந்தது. இனி குடிப்பதற்குக் கொல்லையில் ஒரு முட்டை பாக்கியில்லை.

"உப்பு, மொளகு இருந்தா குடும்மா" என்றாள். நான் மிளகை நுணுக்கிக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டைத் தின்றாள். மூன்றாவதை உரிக்கும்போது எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெள்ளையா செவப்பான்னுதான் சண்ட போட்டீங்க. அவிச்சுக் குடுன்னு நான் சொன்னது யாருக்காவது காதுல வுழுந்துச்சா?"